அமாண்ட்லா, பே பேக் தி மனி… பிள்ளைகள் வீட்டில் சொன்னால் தடுப்பதா, விடுவதா?

காவிரிக்கரை (மிட்ராண்ட்)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் திருச்சிக்காரர்கள். தென்னாப்பிரிக்காவில் மிட்ராண்டுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. மகன் ஐந்தாம் வகுப்பு, மகள் இரண்டாம் வகுப்பு. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

பிள்ளைகள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். மகன் சிவப்புக் காயைக் குழியில் தள்ளியதும் முஷ்டியை மேலே தூக்கி "அமாண்ட்லா!" என்று கத்தினான். மகளும் விளையாட்டு மறந்து "அவெத்து!" என்று பதிலுக்குக் கத்தினாள். பக்கத்து வீட்டு அம்மா அப்போது எங்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஜோஹன்னஸ்பர்க் பக்கத்தில் கறுப்பின மக்களின் ஊரான சொவேட்டோவில் பிறந்து வளர்ந்தவர், அறுபத்தைந்து வயது இருக்கும், என் பிள்ளைகளுக்குப் பாட்டி மாதிரி. கையில் இருந்த கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் பிள்ளைகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டவில்லை. "இது என்ன வார்த்தை என்று தெரிந்துதான் சொல்கிறாயா?" என்று மட்டும் கேட்டார். மகன், "ஜெயித்தால் சொல்வது" என்றான். அவர் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அன்றிலிருந்து சரியாக இல்லை.

இது ஒன்று மட்டும் இல்லை. மகள் அண்ணனுக்குக் கொடுத்த இரண்டு ரேண்டைத் திருப்பிக் கேட்கும்போது காலைத் தரையில் தட்டித் தட்டி "பே பேக் தி மனி, பே பேக் தி மனி" என்று ராகம் போடுகிறாள். என் அலுவலகத்தில் யாராவது சனிக்கிழமை வந்து வேலை முடிக்க வேண்டும் என்றால் மேலாளர் "தூமா மினா யார்?" என்று கேட்பார், இரண்டு பேர் கை தூக்குவார்கள். எல்லாமே மேடையில் இருந்து வந்த பேச்சு என்று தெரிகிறது, ஆனால் எது எங்கே பிறந்தது, எதை யார் என்ன விலை கொடுத்துச் சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியாது. வெளியிலிருந்து வந்த நாம் இதையெல்லாம் வாயில் போட்டுக்கொள்ளலாமா? பிள்ளைகளிடம் என்ன சொல்வது? இந்த நாட்டிலேயே பிறந்த தமிழர்கள் யாராவது பதில் சொன்னால் ரொம்ப நன்றாக இருக்கும்.


வைகைமகன் (ரேண்ட்பர்க்)

அக்கா, நான் இங்கே வந்தது 2013இல், அதனால் உங்கள் மகள் பாடும் ராகம் பிறந்த நாளே எனக்கு நினைவிருக்கிறது. 2014 ஆகஸ்ட் 21. அப்போதைய அதிபர் ஜூமா நாடாளுமன்றத்துக்குக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வந்திருந்தார். இன்கான்ட்லாவில் உள்ள அவருடைய சொந்த வீட்டுக்குப் பாதுகாப்பு என்ற பெயரில் ஏறக்குறைய 246 மில்லியன் ரேண்ட் அரசுப் பணம் செலவாகியிருந்தது. மாட்டுக் கொட்டில், கோழிக் கூண்டு, நீச்சல் குளம் எல்லாம் அந்தக் கணக்கில் இருந்தன. அதில் ஒரு பகுதியை அவர் திருப்பிக் கட்ட வேண்டும் என்று அரசு முறைகேடுகளை விசாரிக்கும் மக்கள் பாதுகாவலர் தூலி மடோன்செலா அந்த ஆண்டு மார்ச்சிலேயே அறிக்கை கொடுத்துவிட்டார். புதிதாக 25 இடங்களோடு உள்ளே வந்திருந்த எதிர்க்கட்சியான இஎஃப்எஃப் கட்சிக்காரர்கள் சிவப்பு மேலுடுப்போடு எழுந்து நின்று, "எப்போது கட்டுவீர்கள்?" என்று கேட்டார்கள். நேரான பதில் வரவில்லை என்றதும் மேசையைத் தட்டி "பே பேக் தி மனி" என்று தொடங்கினார்கள். அவையை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. எல்லாம் தொலைக்காட்சியில் நேரடியாக வந்தது, மறுநாள் காலை டாக்ஸியில் சில்லறை பாக்கி கேட்டவர் வரை எல்லோரும் அதையே சொன்னார்கள்.

2016 மார்ச் 31 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் கட்டத்தான் வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது, அதே ஆண்டு செப்டம்பரில் அவர் 7.8 மில்லியன் ரேண்ட் கட்டினார். அதாவது, சொன்னது நடந்த கோஷம் இது. உங்கள் மகள் அதைச் சரியான இடத்தில்தான் சொல்கிறாள், கொடுத்த காசைக் கேட்கிறாள், அதைத் தடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

தூமா மினா என்றால் என்னை அனுப்பு. 2018 பிப்ரவரி 16, ராமபோசா அதிபராகப் பதவியேற்ற மறுநாள், நாடாளுமன்ற உரையின் முடிவில் இசைக்கலைஞர் ஹியூ மசெகேலாவின் பாட்டிலிருந்து அதை எடுத்துச் சொன்னார். மசெகேலா இறந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம் அது, அதனால் சட்டென்று எல்லோர் மனதிலும் ஒட்டிக்கொண்டது. அப்புறம் அவருடைய ஏஎன்சி கட்சி அதைப் பிரச்சாரத்துக்கு எடுத்துக்கொண்டது. ஆனால் அந்தச் சொல் அதற்கும் பழையது. தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு உடனே பிடிபடும், ஏசாயாவில் "இதோ, அடியேன் இருக்கிறேன், என்னை அனுப்பும்" என்று வருகிறதே, அதே குரல்தான். உங்கள் மேலாளர் சனிக்கிழமை வேலைக்கு அதைச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. தானாக முன்வருகிறவன் சொல்ல வேண்டியதை, ஆளைப் பிடிக்கிறவர் சொல்லக் கூடாது.


மெரிபேங்க் பாடசாலை (டர்பன்)

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு இரண்டு நாள் கழித்துத்தான் எழுதுகிறேன். அவசரமாகச் சொல்லிவிடக் கூடியது இல்லை.

நான் மெரிபேங்க்கில் பிறந்தவன். எங்கள் முன்னோர் கரும்புக் காட்டுக்கு வந்தவர்கள். தமிழ், அப்பா நடத்திய மாலைப் பாடசாலையில் கற்றது. இப்போது சனிக்கிழமைகளில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். 1984இல் எனக்கு 19 வயது.

அப்போது அரசாங்கம் புதிய சாசனம் ஒன்றைக் கொண்டுவந்தது. வெள்ளையருக்கு ஓர் அவை, கலப்பினத்தாருக்கு ஓர் அவை, இந்தியருக்கு ஓர் அவை, நாட்டின் பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு ஒன்றும் கிடையாது. நமக்கு ஒரு நாற்காலியைக் கொடுத்து அவர்களிடமிருந்து பிரித்து உட்கார வைக்கும் வேலை. அதை எதிர்த்து 1983 ஆகஸ்ட் 20 அன்று கேப் டவுன் பக்கத்தில் மிட்சல்ஸ் பிளெயினில் யுடிஎஃப் என்ற ஐக்கிய ஜனநாயக முன்னணி தொடங்கியது. அதன் கோஷம், "யுடிஎஃப் யுனைட்ஸ், அப்பார்ட்ஹெய்ட் டிவைட்ஸ்", யுடிஎஃப் சேர்க்கிறது, நிறவெறி ஆட்சி பிரிக்கிறது என்று. நேட்டால் இந்தியக் காங்கிரஸ்காரர்கள் இங்கே வீடு வீடாகப் போய், இந்திய அவைத் தேர்தலில் ஓட்டுப் போடாதீர்கள் என்று கேட்டார்கள். நானும் துண்டுத்தாள் எடுத்துக்கொண்டு போனேன். வயதான பாட்டிமார்களுக்கு ஆங்கிலம் வராது, அதனால் என்னை அவர்கள் வீடுகளுக்கு அனுப்புவார்கள். "பாட்டி, அவங்க பிரிக்கிறாங்க, நாங்க சேக்குறோம்" என்று தமிழில் சொல்வேன். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்த அரசியல்.

எங்கள் தெருக்கோடியில் இருந்த ஒரு பாட்டி அதை அப்படியே பிடித்துக்கொண்டார். அவர் வீட்டில் இரண்டு மருமகள்கள், ஒரே அடுப்பு. ஏதாவது சண்டை வந்தால் முற்றத்தில் நின்றுகொண்டு, "நீ சேக்குறவளா, பிரிக்கிறவளா? இப்பவே சொல்லு" என்பார். தெருவே அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. சீட்டு ஆடும்போது, கல்யாணத்துக்கு ஆள் அழைக்கும்போது, கோவில் கமிட்டியில் சண்டை வந்தபோதுகூட. 1984 ஆகஸ்ட் 28 அன்று தேர்தல் நடந்தபோது, பதிவு செய்த இந்தியர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் ஓட்டுப் போட்டார். அந்தப் பாட்டி அன்று முழுவதும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், யார் சாவடிக்குப் போகிறார்கள் என்று பார்க்க.

இப்போது அமாண்ட்லா. அமாண்ட்லா என்றால் வலிமை, அதிகாரம். அவெத்து என்றால் நம்முடையது. எண்பதுகளில் கூட்டங்களுக்குத் தடை இருந்தது, அதனால் சவ ஊர்வலங்கள்தான் பெரிய கூட்டங்கள். அங்கே ஒருவர் முஷ்டியைத் தூக்கி அமாண்ட்லா என்றால் ஆயிரம் பேர் அவெத்து என்பார்கள். வீட்டுக்கு வந்து நான் அந்த வார்த்தையைச் சொன்னால் அம்மா முதலில் போய் ஜன்னலைச் சாத்துவார், அப்புறம்தான் என்னிடம் பேசுவார். அவசரநிலைக் காலத்தில் விசாரணை இல்லாமல் பிடித்து வைத்தார்கள், எந்தப் பக்கத்து வீட்டுக்காரர் யாரிடம் சொல்வார் என்று தெரியாது. 1990 பிப்ரவரி 11, மண்டேலா வெளியே வந்த நாள், கேப் டவுன் நகர மண்டபத்து மாடத்தில் நின்று அவர் சொன்ன முதல் வார்த்தை அமாண்ட்லா. எங்கள் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் அப்பா எழுந்து நின்று, எந்தக் கூட்டத்துக்கும் ஒரு நாளும் போகாத மனிதர், அந்தப் பெட்டியைப் பார்த்து "அவெத்து" என்றார். அன்று எல்லா ஜன்னலும் திறந்திருந்தது.

அதனால், பிள்ளைகள் சொல்லக் கூடாது என்று நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் சொல்லிக் கொடுங்கள். அந்த வார்த்தை பாதிதான். மீதிப் பாதி அடுத்தவர் வாயில் இருக்கிறது. கூப்பிட ஒருவர், பதில் சொல்லப் பலர். அதில் 'நம்முடையது' இருக்கிறது, 'என்னுடையது' இல்லை. உங்கள் மகள் போட்டியில் தோற்றும் பதில் சொன்னாளே, அவளுக்கு அது ஏற்கெனவே புரிந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

விவா பற்றியும் ஒன்று. எங்கள் வீடுகளில் பரீட்சை முடிவு வந்தால் விவா, குழந்தை பிறந்தால் விவா. வாழ்க என்று அர்த்தம். இது போர்ச்சுகீசு வார்த்தை, மொசாம்பிக்கிலிருந்து வந்தது. 1974 செப்டம்பர் 25, மொசாம்பிக்கில் விடுதலை இயக்கமான ஃப்ரெலிமோ ஆட்சிக்கு வரப்போகிறது என்று கொண்டாட டர்பன் கர்ரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் விவா ஃப்ரெலிமோ கூட்டம் கூட்டினார்கள். அரசு தடை செய்தது, மக்கள் வந்தார்கள், போலீஸ் நாய்களோடு கலைத்தது. அதற்குப் பிறகு நடந்த வழக்கில் ஒன்பது பேர் சிறைக்குப் போனார்கள், அவர்களில் ஸ்ட்ரினி மூட்லியும் சாத்ஸ் கூப்பரும் உண்டு. மூட்லி என்பது நம் முதலிதான், இந்த ஊர் எழுத்தில். இருவரும் ராபன் தீவுச் சிறையில் இருந்தார்கள். என் சனிக்கிழமைப் பிள்ளைகள் விவா என்று சொல்லும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன், அவர்களுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.


புதுக்கோட்டை எக்ஸ்பிரஸ் (பிரிட்டோரியா)

ஐயா எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்து. கோஷம் என்பது வீட்டுப் பேச்சில் வந்து தேயத்தான் வேண்டும், தேய்ந்தால்தான் அது மொழி. நம் ஊரிலேயே பாருங்கள். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி. அப்புறம் "மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்". அந்த ஆண்டே சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார்கள். எங்கள் அம்மா அந்தக் கியூவைப் பார்த்ததுகூட இல்லை, ஆனால் என் பரீட்சைக்கு முன்னால், "நூறு லட்சியம், அறுபது நிச்சயம், போய்ட்டு வா" என்று விபூதி வைத்து அனுப்புவார். இன்றைக்கு என் தம்பி கடன் வாங்கியவரிடம் பேசும்போதும் அப்படித்தான் பேசுகிறான், முழுசும் லட்சியம், பாதி நிச்சயம். காமராஜரின் "ஆகட்டும் பார்க்கலாம்" எத்தனை வீட்டில் எத்தனை அப்பாக்களின் வாயில் இருக்கிறது, சைக்கிள் கேட்டால் அதுதான் பதில். யாரும் ஒவ்வொரு தடவையும் காமராஜரை நினைப்பதில்லை. அதனால் அவருக்கு மரியாதை குறைந்ததாக நான் நினைக்கவில்லை. மறக்காமல் இருப்பதற்கு இதைவிட நல்ல வழி ஏது?

ஒரு சொல் எல்லோருக்கும் பொதுவான பிறகு அதை வைத்து விளையாடவும் செய்வார்கள். 1999இல் டோனி லியோனின் கட்சி "ஃபைட் பேக்" என்று சுவரொட்டி ஒட்டியபோது, ஆட்சியில் இருந்த ஏஎன்சி "டோன்ட் ஃபைட் பிளாக்", கறுப்பரோடு சண்டை போடாதே, என்று பதில் ஒட்டியது. முன்னால் ஒரு டோன்ட், பேக்கில் ஓர் ஆங்கில எழுத்து கூடுதல், அர்த்தமே தலைகீழ். இங்கே என் வகுப்பில் கூடப் பாடம் எடுப்பவர் இன்றைக்கும் அதை உதாரணமாகச் சொல்கிறார். பத்து வயதுப் பையன் கேரம் பலகைக்கு முன்னால் ஒரு வார்த்தையைச் சொன்னதற்கு நாம் இவ்வளவு கவலைப்பட வேண்டாம், அக்கா.


சாட்ஸ்வொர்த் பேத்தி (டர்பன்)

புதுக்கோட்டை அண்ணா சொல்வதில் பாதி சரி. ஆனால் தேய்வது வேறு, வழுக்கிப் போவது வேறு. எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

அம்மா இருபத்தெட்டு வருடம் துணித் தொழிற்சாலையில் மிஷினில் உட்கார்ந்தவர். தொழிற்சங்கம் மூலமாக அவருக்கு வந்த ஒரே வாசகம், "ஆன் இஞ்சுரி டு ஒன் இஸ் ஆன் இஞ்சுரி டு ஆல்". 1985இல் டர்பனில்தான் கொசாட்டு என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு தொடங்கியது, அதன் வாசகம் அது. அம்மா அதை வீட்டில், "ஒருத்திக்குப் பட்டா எல்லாத்துக்கும் பட்ட மாதிரி" என்பார். ஊசி விரலில் ஏறிய பெண்ணை மேற்பார்வையாளர் வீட்டுக்குப் போகச் சொல்லிச் சம்பளம் பிடித்தபோது, அந்த வரிசையில் இருந்த எல்லோரும் மிஷினை நிறுத்தினார்கள். இருபது நிமிடம். அம்மா அந்த இருபது நிமிடத்தை அவ்வளவு தடவை சொல்லியிருக்கிறார், அந்தச் சத்தமில்லாத ஹால் எனக்கே காதில் கேட்கும். இப்போது என் தங்கை பள்ளியில் யாரோ கேலி செய்தார்கள் என்று அழுதுகொண்டு வந்தால் நாங்கள் மூன்று பேரும் அதே வாக்கியத்தைச் சொல்கிறோம். தேயவே இல்லை அது.

இன்னொன்று, பெண்கள் தினத்துக்கு எல்லாக் கடையிலும் தள்ளுபடி அட்டையில் எழுதி வைப்பார்களே, "வாத்தின்ட் அபாஃபாசி, வாத்தின்ட் இம்போகோடோ". பெண்ணைத் தொட்டால் பாறையைத் தொட்டாய் என்று மொழிபெயர்த்துச் சொல்வார்கள். 1956 ஆகஸ்ட் 9 அன்று, கறுப்பின மக்கள் எப்போதும் அனுமதிச்சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற பாஸ் சட்டத்தை எதிர்த்து இருபதாயிரம் பெண்கள் பிரிட்டோரியா யூனியன் கட்டடத்துக்குப் போனபோது பிரதமர் ஸ்ட்ரைடமின் பெயரைச் சொல்லிப் பாடியது. முன்னால் நின்ற நால்வரில் ரஹிமா மூசாவும் ஒருவர், நம் இந்தியச் சமூகத்துப் பெண். மனுக்கட்டுகளை வைத்துவிட்டு அரை மணி நேரம் ஒரு சத்தம் இல்லாமல் நின்றார்கள்.

ஆனால் இம்போகோடோ வெறும் பாறை இல்லை. என்னோடு வேலை செய்யும் ஜூலு அக்கா ஒருவர் ஆடி மாதம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற மாதம், இங்கே எல்லோரும் போரிட்ஜ் பிரேயர் என்போம். ஆயாவின் அம்மிக்கல்லில் அம்மா சட்னிக்கு அரைத்துக்கொண்டிருந்தார். அந்த அக்கா குனிந்து, அம்மியை விட்டுவிட்டு, மேலே உருட்டுகிற குழவியைத் தொட்டு, "இதுதான் இம்போகோடோ" என்றார். அவர் பாட்டி மக்காச்சோளம் அரைத்த கையடக்கக் கல். நான் பத்து வருடமாக அந்த வாசகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன், அன்றைக்குத்தான் புரிந்தது. எங்கேயோ மலையில் கிடக்கிற பாறை இல்லை. அடுப்படியில், ஒரு பெண்ணின் உள்ளங்கையில் தினமும் இருந்து வழுவழுப்பான கல். ஆகஸ்ட் 9 ஆடி மாதத்தில்தான் வருகிறது. அதிலிருந்து எங்கள் வீட்டில் அந்த நாளில் குழவிக்கு ஒரு பொட்டு வைக்கிறோம்.

அம்மா ஒரு வாசகத்தை மட்டும் இப்போது சொல்வதில்லை. எல்லா இனத்தவரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தலில், 1994இல், ஏஎன்சி சொன்ன "எ பெட்டர் லைஃப் ஃபார் ஆல்". ஏப்ரல் 27 அன்று பக்கத்து வீட்டு அம்மாவோடு ஐந்து மணி நேரம் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர், ரொம்ப நாள் அதை, "எல்லாருக்கும் நல்லது நடக்கும், அவங்க சொல்லிட்டாங்க" என்று நம்பிச் சொன்னவர். போன வருடம் எங்கள் தெருவில் நான்கு நாள் தண்ணீர் வரவில்லை. வாளியோடு லாரிக்குக் காத்திருந்தபோது பின்னால் நின்றவர் அந்த வாசகத்தைக் கசப்பாகச் சொன்னார். அம்மா திரும்பி, "அப்படிச் சொல்லாதீங்க, அதுக்காக நின்னவங்க நாங்க" என்றார். எனக்கு அப்போது என்ன சொல்வதென்று தெரியவில்லை, வாளியை வாங்கிக்கொண்டேன்.


கிழக்கு ரேண்ட் தம்பி (பெனோனி)

பேருந்தில் வேலைக்குப் போகிறவர்கள் வாயில் அசிக்வெல்வா என்று வந்தால் கவனியுங்கள். ஏற மாட்டோம் என்று அர்த்தம். 1957இல் அலெக்சாண்ட்ரா மக்கள், டிக்கெட் நான்கு பென்னியிலிருந்து ஐந்து பென்னியாக ஏறியதற்காக மாதக்கணக்கில் பேருந்தில் ஏறாமல் ஜோஹன்னஸ்பர்க் வரை நடந்தார்கள். ஒரு பென்னிக்காக. என் கூட வேலை செய்பவர் கேண்டீனில் சாப்பாட்டு விலை ஏறிய அன்று அசிக்வெல்வா என்று சொல்லிவிட்டு வீட்டிலிருந்து டப்பா கொண்டுவர ஆரம்பித்தார். நானும் அவரோடு சேர்ந்துவிட்டேன், இப்போது எங்கள் மேசையில் ஏழு டப்பா.


மெரிபேங்க் பாடசாலை (டர்பன்)

பெனோனி தம்பிக்கு நன்றி. அதே மாதிரி எங்கள் பக்கம் அசினமாலி உண்டு, எங்களிடம் பணம் இல்லை என்று அர்த்தம். 1983இல் எங்களுக்கு அடுத்த லாமொன்ட்வில்லில் வாடகை ஏற்றியபோது எழுந்த கோஷம். மெரிபேங்க் வீடுகளில் பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்டால் அம்மா சொல்கிற பதிலாக அது இன்றும் இருக்கிறது. புதுக்கோட்டைத் தம்பி சொன்ன மாதிரி இது தேய்ந்த சொல்தான், நானும் மறுக்கவில்லை. சாட்ஸ்வொர்த் பேத்தி சொன்ன குழவிக்கல் எனக்கே புதிது. சனிக்கிழமை வகுப்பில் சொல்லப் போகிறேன்.


காவிரிக்கரை (மிட்ராண்ட்)

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இதைக் கணவருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஆனால் இடையில் ஒன்று நடந்தது, அதையும் இங்கே சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை மகனைக் கூட்டிவரப் போனபோது மைதானத்தில் பையன்கள் பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். எதிர் அணி தோற்று வெளியே போகும்போது எல்லோரும் கை தட்டி "அபாஹாம்பே! அபாஹாம்பே!" என்றார்கள். என் மகனும்தான், எல்லோரையும்விடச் சத்தமாக. காரில் வரும்போது, "அப்படி என்றால் என்ன?" என்று கேட்டேன். "அவங்க போகட்டும், அவ்ளோதான்மா" என்றான். அது தேர்தல் மேடைகளில் வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்துச் சொல்லப்படுவது என்று எனக்குத் தெரியும். போன தேர்தல் நேரத்தில் கடையில் வரிசையில் நிற்கும்போது என் காதுபடவே ஒருவர் சொன்னார். ஜிம்பாப்வே, மலாவிக்காரர்களைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள், ஆனால் நம் கையில் இருப்பதும் விசாதானே. தன்னையே போகச் சொல்லுகிற வார்த்தையை என் பிள்ளை கை தட்டிச் சொல்கிறான். வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அவனிடம் சொன்னேன், அதிகம் இல்லை, "அது நம்மையும் சேர்த்துச் சொல்வது, உன் வகுப்பில் மலாவிப் பையன் இருக்கிறானே, அவனையும்." அவன் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். "அவனும்தாம்மா சேர்ந்து சொன்னான்" என்றான்.


வைகைமகன் (ரேண்ட்பர்க்)

அக்கா, படித்ததும் வயிறு கலங்கிவிட்டது. அமாண்ட்லாவும் அபாஹாம்பேயும் பிள்ளைகள் காதில் ஒரே சத்தமாக விழுகிறது, அதுதான் பிரச்சினை. ஒன்றில் எல்லோரும் உள்ளே வருகிறார்கள், இன்னொன்றில் யாரோ வெளியே தள்ளப்படுகிறார்கள். நீங்கள் வண்டியை நிறுத்திச் சொன்னது சரி. வகுப்பு ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், புகார் மாதிரி இல்லாமல்.


புதுக்கோட்டை எக்ஸ்பிரஸ் (பிரிட்டோரியா)

நான் மேலே எழுதியதில் கவலைப்பட வேண்டாம் என்றதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் அக்கா. எல்லாச் சொல்லும் தேய்ந்து மொழியில் சேரட்டும் என்று நான் சொன்னது இதை நினைத்து இல்லை. இது சேரக் கூடாது.


காவிரிக்கரை (மிட்ராண்ட்)

கடைசியாக ஒன்று. ஆசிரியரிடம் பேசினேன், நல்லபடியாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் நேற்றுப் பக்கத்து வீட்டு அம்மாவைச் சாப்பிடக் கூப்பிட்டேன். ஐயா எழுதியதை ஆங்கிலத்தில் அவருக்குச் சொன்னேன், ஜன்னல் சாத்திய கதையை. அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பிள்ளைகளை உட்கார வைத்துச் சொன்னார். 1976 ஜூன் 16 அன்று அவர் பள்ளி மாணவி. கணக்கையும் மற்ற பாடங்களையும் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் படிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள், அதை எதிர்த்து அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு சீருடையோடு நடந்தார்கள். அட்டை எழுதியது இவருடைய அண்ணன், வீட்டில் இருந்த சோப்புப் பெட்டியைக் கிழித்து. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நான் என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். 1965இல் அவர் திருச்சியில் கல்லூரி மாணவர். அதற்கு முந்தைய வருடம் ஜனவரி 25 அன்று கீழப்பழுவூர் சின்னசாமி தமிழுக்காகத் தீக்குளித்தது எங்கள் ஊரில்தான். மறு வருடம் மாணவர்கள் எல்லோரும் தெருவுக்கு வந்தார்கள், அப்பாவும் போனார். "என்ன சொல்லிக்கொண்டு போனார்கள்?" என்று அந்த அம்மா கேட்டார். "தமிழ் வாழ்க, இந்தி ஒழிக" என்றேன். ஒழிக என்றால் இங்கே பான்சி என்கிறார்களே அதுதான் என்று மகன் அவருக்கு விளக்கினான்.

அவர் திரும்பச் சொல்லிப் பார்த்தார். வாழ்க வரவில்லை, வால்க என்றுதான் வந்தது. மகள் அவர் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து நாக்கை எங்கே மடக்க வேண்டும் என்று காட்டினாள். பதிலுக்கு அவர் அமாண்ட்லாவில் வரும் அந்த ட்லாவை எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நாக்கு நுனி மேலே ஒட்டியிருக்க வேண்டும், காற்று இரண்டு பக்கமும் போக வேண்டும். ஆறு வருடமாக நான் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே சரியாக வருகிறது. எனக்கு இன்னும் வரவில்லை, அடுத்த ஞாயிறு மறுபடி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.